ஜாஸ் ஆல்பங்களுக்குள் நுழைய ஒரு வழி: பேஸ் வாசிப்பவரைப் பின்தொடருங்கள்

கர்நாடக சங்கீதமும் இளையராஜாவும் கேட்டு வளர்ந்த காதுக்கு ஜாஸ் எங்கிருந்து பிடிபடும் என்று கேட்டிருந்தீர்கள். ‘சிறந்த நூறு’ என்ற தலைப்பில் வரும் பட்டியல்களிலிருந்து ஏழெட்டு ஆல்பங்களைக் கேட்டுப் பார்த்ததாகவும், தொடக்கத்தில் ஒரு மெட்டு வருகிறது, அதன்பின் ஆளுக்கு ஆள் எதையோ வாசிக்கிறார்கள், நாம் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. நானும் பல மாதங்கள் இதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அதிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது இன்னொரு பட்டியல் அல்ல, ஒரு வாத்தியம். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நம் காதுக்குச் சுருதி என்பது அசையாத தரை. தம்புராவை மீட்டத் தொடங்கினால் கச்சேரி முடியும்வரை ஆதார சட்ஜம் இடம் மாறாது. அதன் மேல்தான் ராகங்கள் வந்து போகின்றன. ஜாஸில் பெரும்பாலும் அந்தத் தரையே நகர்கிறது. பாட்டின் மெட்டு முடிந்த பிறகும் அதன் அடியில் இருந்த கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரிசை அப்படியே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். தனியாக வாசிப்பவர் அந்தச் சுற்றின் மேல்தான் தன் கற்பனையைக் கட்டுகிறார். மேலே சாக்ஸபோனை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் சுற்று கைவிட்டுப் போகும். அந்தச் சுற்றை நமக்குத் தெளிவாகச் சொல்லிக்கொண்டே வருபவர், ஆளுயர டபுள் பேஸை அணைத்தபடி பின்வரிசையில் நிற்கும் மனிதர். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டாரை மட்டும் தனியே பிரித்துக் கேட்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

முதலில் ஆஸ்கர் பீட்டர்சனின் ‘நைட் டிரெய்ன்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 டிசம்பரில் பதிவானது. பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று மூன்றே வாத்தியங்கள். பேஸ் வாசிப்பவர் ரே பிரவுன். அதில் டியூக் எலிங்டன் அமைத்த ‘சி ஜாம் ப்ளூஸ்’ இருக்கிறது. அதன் மெட்டில் இருப்பவை இரண்டே ஸ்வரங்கள், பஞ்சமமும் மேல் சட்ஜமும். மெட்டு இவ்வளவு எளிதாக இருப்பதால் கவனத்தை முழுவதும் கீழே திருப்ப முடியும். ப்ளூஸ் என்ற வடிவம் இது: பன்னிரண்டு பார், ஒவ்வொன்றிலும் நான்கு அடி, ஆக நாற்பத்தெட்டு அடிகள் கொண்ட ஒரு சுற்று. முதல் நான்கு பார்களில் தரை ‘ச’வில் இருக்கும்; அடுத்த இரண்டில் ‘ம’வுக்கு ஏறும்; மறுபடி ‘ச’வுக்கு இறங்கி இரண்டு பார் நிற்கும்; ஒன்பதாவதில் ‘ப’, பத்தாவதில் ‘ம’, கடைசி இரண்டில் வீடு திரும்பும். வாசிப்பவர்கள் இடையில் எத்தனையோ நுணுக்கங்களைச் சேர்ப்பார்கள் என்றாலும் அடிப்படைக் கட்டமைப்பு இதுதான். பல்லவி பாடும்போது தாளம் போடுவீர்களே, அதுபோலத் தொடையில் தட்டியபடி ரே பிரவுனை மட்டும் பின்தொடருங்கள். ஐந்தாவது பாரில் அவர் ‘ம’வுக்குப் போகும் இடம் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் பிறகு மறக்காது. சுற்று முடிந்து முதல் அடிக்கு அவர் வந்து இறங்குவதை, சமத்துக்காகக் காத்திருப்பது போலவே காத்திருக்கத் தொடங்குவீர்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. ஃபோனின் ஸ்பீக்கரில் இதைச் செய்ய முடியாது. அதில் பேஸின் கீழ் ஸ்வரங்கள் ஏறக்குறைய மறைந்துவிடும். ஓரளவு நல்ல ஹெட்ஃபோன் போதும்.

அடுத்து, எல்லாப் பட்டியல்களிலும் முதலில் நிற்கும் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவாகி, அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியானது. இதன் புகழுக்குப் பல காரணங்கள் சொல்வார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது ஒன்று. வேகமாக மாறிக்கொண்டே இருக்கும் கார்ட்களைக் குறைத்து, ஒரே ஸ்கேலில் நெடுநேரம் தங்கி வாசிப்பது என்று டேவிஸ் இதில் முடிவு செய்தார். முதல் பாடலான ‘ஸோ வாட்’, டோரியன் என்னும் ஸ்கேலில் அமைந்தது. அந்த ஸ்வர ஸ்தானங்கள் நம் கரகரப்பிரியாவின் ஸ்தானங்களேதான். கமகம் இல்லாததால் அது ராகமாக ஒலிக்காது, இருந்தாலும் காதுக்கு அந்நியமாக இராது.

அந்தப் பாடலின் தொடக்கத்தைக் கூர்ந்து கேளுங்கள். பில் எவன்ஸின் பியானோவும் பால் சேம்பர்ஸின் பேஸும் தாளக்கட்டில்லாமல், மூச்சு விடுவது போல, சில வாக்கியங்கள் பேசுகின்றன. பிறகு பேஸ் தனியாக ஒரு வரியைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டே கார்ட்களில் பதில் சொல்கிறார்கள். மெட்டைச் சொல்பவர் பேஸ்காரர், ஆமோதிப்பவர்கள் மற்றவர்கள். அன்றைய வழக்கத்துக்கு இது தலைகீழ். இந்த உரையாடல் எட்டு பார் நடந்து, மீண்டும் எட்டு பார் நடந்து, மூன்றாவது எட்டில் எல்லாமே ஒரு ஸ்தானம் மேலே நகர்கிறது. சட்ஜத்தை யாரோ தூக்கி அரைக் கட்டை தள்ளி வைத்தது போல இருக்கும். கடைசி எட்டு பார்களில் மறுபடி பழைய இடம். ஆக முப்பத்திரண்டு பார் கொண்ட ஒரு சுற்று. மெட்டு முடிந்து மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட் நுழையும் இடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப்பின் சிம்பலில் ஒரு அடி விழுகிறது. அந்த ஒலி கரைவதற்குள் சேம்பர்ஸ் அடிக்கு ஒரு ஸ்வரமாக நடக்கத் தொடங்கிவிடுவார். டேவிஸ் இரண்டு சுற்றுகள் வாசிக்கிறார். அந்த ஒரு ஸ்தான ஏற்றம் எப்போது வரும் என்று இரண்டிலும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். எண்ணாமலே தெரிகிற நாள் வந்ததும் ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி ஆகிய இரண்டு சாக்ஸபோன்காரர்களும் அதே இடத்தை எவ்வளவு வேறுவிதமாகக் கடக்கிறார்கள் என்பதில் மனம் போகும். என் அனுபவத்தில் ஜாஸ் உண்மையில் தொடங்குவது அங்கேதான்.

இந்த பால் சேம்பர்ஸ் யார்? 1935 ஏப்ரல் 22 அன்று பிட்ஸ்பர்க்கில் பிறந்து, டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் இரண்டாம் நாள் பதிவு அவருடைய இருபத்துநான்காம் பிறந்தநாளில் நடந்தது. அதற்குள் அவர் வாசித்திருந்த ஆல்பங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பட்டியல்களைக் கீழே வைத்துவிட்டு இந்த ஒருவரைப் பின்தொடர்ந்தாலே 1950களின் ஜாஸில் பெரும்பகுதி உங்கள் கைக்கு வந்துவிடும். 1957 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரே நாளில் பதிவான ‘ஆர்ட் பெப்பர் மீட்ஸ் த ரிதம் செக்‌ஷன்’ ஆல்பத்தில், அமெரிக்க மேற்குக் கடற்கரையின் ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஒருவருக்கு மைல்ஸ் டேவிஸ் குழுவின் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூவரும் துணை நிற்கிறார்கள். அதே ஆண்டின் ‘ப்ளூ டிரெய்ன்’ கோல்ட்ரேனுடையது. 1958இல் பதிவான ‘கூல் ஸ்ட்ரட்டின்’ பியானோ கலைஞர் சோனி கிளார்க்கினுடையது. சாலையில் யாரோ நிதானமாக நடந்து போவது போன்ற ஓட்டம் அதற்கு. இந்த மூன்றிலும் பேஸ் ஒருவரே; மேலே இருப்பவர்கள் மாற மாற அவருடைய நடையும் எப்படி மாறுகிறது என்பது, ஒரே மிருதங்க வித்வான் மூன்று பாடகர்களுக்கு வாசிப்பதைக் கேட்பதற்கு ஒப்பானது. வில்லைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் தனி வாசிக்கும் இடங்கள் சிலருக்குக் கரகரப்பாகத் தோன்றும். எனக்கு மிகவும் பிடித்தவை.

கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. அந்தத் தலைப்புப் பாடலில் தரை இரண்டு அல்லது நான்கு அடிக்கு ஒருமுறை வெகுதூரம் தாவுகிறது. பியானோ வாசித்த டாமி ஃபிளானகனே அந்தப் பதிவில் தயங்கித் தயங்கித்தான் வாசிக்கிறார். கடைசிப் பாடலான ‘மிஸ்டர் பி.சி.’யிலிருந்து தொடங்குங்கள். பி.சி. என்பது பால் சேம்பர்ஸ்தான்; நண்பருக்காகக் கோல்ட்ரேன் எழுதிய பன்னிரண்டு பார் ப்ளூஸ் அது. வேகம் அதிகம், ஆனால் சுற்று நீங்கள் பழகிய சுற்று.

1959ஐ இன்னும் கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம். முன்பு தேவாலயமாக இருந்த அதே 30ஆம் தெரு ஸ்டூடியோவில், அதே ஆண்டில், மேலும் இரண்டு பெரிய ஆல்பங்கள் பதிவாயின. ஒன்று சார்ல்ஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ உம்’. மிங்கஸ் பேஸ் வாசிப்பவர். ஆனால் பின்வரிசையில் நிற்க மறுத்தவர், குழுவையே தன் பேஸிலிருந்து நடத்தியவர். அந்த மார்ச்சில் இறந்துபோன சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங்குக்கு இரங்கலாக அவர் எழுதிய ‘குட்பை போர்க் பை ஹாட்’ இதில் இருக்கிறது. கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் வராமல் தடுக்கப் படையை அனுப்பிய ஆர்கன்சா ஆளுநர் ஃபாபஸைச் சாடும் பாடலும் உண்டு. கொலம்பியா வெளியிட்ட வடிவில் அதன் சொற்கள் இல்லை, 1960இல் வேறொரு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தபோதுதான் அவை ஒலித்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

மற்றொன்று டேவ் ப்ரூபெக் குழுவின் ‘டைம் அவுட்’. பால் டெஸ்மண்ட் எழுதிய ‘டேக் ஃபைவ்’ ஐந்து அடிச் சுற்று. நம் கண்டத்தைத் தகதகிட என்று சொல்லிப் பழகியவர்கள் இதைத் தகிடதக என்று திருப்பிச் சொல்லிக்கொள்ள வேண்டும். யூஜீன் ரைட்டின் பேஸ் அந்தப் பிரிவின் முதல் அடியையும் நான்காம் அடியையும் ஊன்றிக்கொண்டே போகும். ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனி வரும்போது பியானோ அதே சுற்றை விடாமல் வாசித்துக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் தாளம் போட்டுக் காட்டுகிற வேலை அது. இந்தக் குழு 1958இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் மதராஸுக்கும் வந்திருக்கிறது. மொரெல்லோ அப்போது மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார். யூஜீன் ரைட் கறுப்பினத்தவர் என்பதால் அவரை மேடையேற்ற அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகள் மறுத்தபோது, 1960இல் ப்ரூபெக் அங்கே திட்டமிட்டிருந்த சுற்றுப்பயணத்தின் பெரும்பாலான நிகழ்ச்சிகளை விட்டுக்கொடுத்தார். ரைட் இல்லாமல் வாசிப்பதில்லை என்பது குழுவின் முடிவு.

ஹாலிவுட்டில் அதே ஆண்டு பதிவான ஆர்நெட் கோல்மனின் ‘த ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ ஆல்பத்தில் பியானோவே கிடையாது. கார்ட் வரிசை என்ற சுற்றையே அவர் கைவிட்டார். ‘லோன்லி வுமன்’ பாடலில் டிரம்ஸ் வேகமாக ஓடும், இரண்டு ஊதுவாத்தியங்களும் மெதுவாக, ஒன்றோடொன்று முழுதும் பொருந்தாமல், அழுவது போல ஒரு மெட்டை இசைக்கும். நடுவே சார்லி ஹேடனின் பேஸ் தம்புரா போல ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ‘ஃப்ரீ ஜாஸ்’ என்றதும் அஞ்சுகிறவர்களிடம் நான் முதலில் கொடுப்பது இந்த ஒரு பாடலைத்தான். அசையாத தரைக்குப் பழகிய காதுகளுக்கு இது மற்றவர்களைவிட எளிது என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இங்கிருந்து பின்னோக்கிப் போகும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நாம் இன்று ஆல்பம் என்று சொல்வது, 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்திய பிறகு வந்தது. அதற்கு முன் ஒரு தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம்; அவ்வளவுதான். எனவே 1920, 30, 40களின் ஜாஸைத் தொகுப்புகளாகத்தான் கேட்க முடியும். அவற்றை ஒரே மூச்சில் கேட்காமல் ஒரு நாளைக்கு நாலைந்து பாடல்கள் என்று கேட்பது நல்லது. ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குள் முழுதாகச் சொல்லி முடிக்கப்பட்ட விஷயம்.

எலிங்டன் குழுவின் 1940 முதல் 1942 வரையிலான பதிவுகளைக் கொண்ட ‘நெவர் நோ லமென்ட்’ தொகுப்பு அப்படிப்பட்டது. அதில் ‘ஜாக் த பேர்’ என்ற பாடலைத் தேடுங்கள். ஜிம்மி பிளாண்டன் என்ற இளைஞரின் பேஸ் அதில் முன்வரிசை வாத்தியமாக ஒலிக்கிறது. தாளம் காட்டுவதற்காக மட்டும் இருந்த ஒரு வாத்தியம் பேசத் தொடங்கியது அவரிடம்தான். காசநோயால் 1942இல் இறந்தபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. அவரிடமிருந்து கிளைத்தவர்களில் ஒருவரான சேம்பர்ஸும் அதே நோயால் 1969இல், முப்பத்துமூன்று வயதில் இறந்தார். எலிங்டன் 1963 பயணத்தில் மதராஸிலும் கொழும்பிலும் வாசித்தவர். அந்தப் பயணத்தின் நினைவாக எழுந்த ‘ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்’ ஆல்பத்தில் டெல்லியில் கேட்ட ஒரு மைனாவின் குரலை ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் திரும்பத் திரும்பச் சொல்லும்.

இன்னும் பின்னால் போனால் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 1925 முதல் 1928 வரையிலான பதிவுகள். இங்கே நம் வழிகாட்டியே காணாமல் போகிறார். ஹாட் ஃபைவ் குழுவில் பேஸ் கிடையாது. மின்னொலிப்பதிவு வருவதற்கு முன், ஊசியைத் துள்ளவைக்கும் என்பதால் பேஸையும் டிரம்ஸையும் பதிவறைகள் ஒதுக்கியே வைத்திருந்தன. பியானோவின் இடக்கையும் பாஞ்சோவும் அந்த வேலையைப் பகிர்ந்துகொண்டன. 1928இன் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ பாடலில் ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட் துணையேதும் இல்லாமல் சில நொடிகள் ஆலாபனை போல எழுந்து இறங்குகிறது. அதன்பின் வருவது உங்களுக்குப் பழக்கமான பன்னிரண்டு பார் சுற்று. கடைசிச் சுற்றில் அவர் ஒரே ஸ்வரத்தை ஏறக்குறைய நான்கு பார்களுக்குப் பிடித்து நிற்கும்போது, கீழே ‘ச’விலிருந்து தரை நகரத் தயாராவதை இப்போது நீங்களே உணர்வீர்கள்.

முன்னோக்கி வந்தால் பேஸ் வேறு விதமாகப் பேசத் தொடங்குகிறது. பில் எவன்ஸ் மூவர் குழுவின் ‘சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்’, 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் நிலவறை மன்றம் ஒன்றில் பதிவானது. கண்ணாடிக் குவளைகள் மோதும் ஒலி கூடக் கேட்கும். பேஸ் வாசிக்கும் ஸ்காட் லஃபாரோ அடிக்கு ஒரு ஸ்வரமாக நடப்பதில்லை. பியானோவின் வாக்கியத்தை முடித்து வைக்கிறார், மறுத்துப் பேசுகிறார், சிலநேரம் மௌனமாகிறார். பதினொரு நாள் கழித்து ஒரு கார் விபத்தில், இருபத்தைந்து வயதில், அவர் இறந்துபோனார். அவருடைய வாசிப்பை முன்வைக்கும் வகையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பாடல்களைக் கொண்ட ஆல்பம் இது. இதை இரவில், வேறு வேலை எதுவும் இல்லாதபோது கேளுங்கள்.

கோல்ட்ரேனின் ‘அ லவ் சுப்ரீம்’, 1964 டிசம்பர் 9 அன்று பதிவானது. ஒரு மணியோசைக்குப் பிறகு ஜிம்மி கேரிசனின் பேஸ் நான்கு ஸ்வரங்களை வாசிக்கிறது; அந்த நான்கும்தான் முதல் பகுதியின் விதை. பின்னர் கோல்ட்ரேன் அவற்றைப் பன்னிரண்டு ஸ்தானங்களுக்கும் எடுத்துச் செல்கிறார், தெய்வம் இல்லாத இடமே இல்லை என்று ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்ப்பது போல. நான்காம் பகுதியில் தாளக்கட்டு கிடையாது. ஆல்பத்தின் உறையில் அச்சான தன் பிரார்த்தனைக் கவிதையைச் சாக்ஸபோனில் அசை அசையாக அவர் வாசிக்கிறார். உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் சொற்கள் ஒவ்வொன்றாகப் பொருந்தி வரும். விருத்தம் கேட்டு வளர்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அவர் மனைவி அலீஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ 1971இல் வெளியானது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரின் பெயர் தாங்கியது. தலைப்புப் பாடலில் தம்புரா ஒலித்துக்கொண்டிருக்க, செசில் மெக்பியின் பேஸ் ஒரு சிறு வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அவற்றின் மேல் அலீஸின் ஹார்ப் அலையலையாகப் பரவும். நான் சொல்லிவந்த இரண்டு வகைத் தரைகளும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஆல்பம் இது.

மின் வாத்தியங்கள் நுழைந்த பிறகான காலத்துக்கு இரண்டு போதும். 1969 ஆகஸ்டில் மூன்று நாட்களில் பதிவான மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’வில் இரண்டு பேஸ்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன, மேலே எத்தனை புகைமூட்டம் இருந்தாலும் அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் வழி தெரியும். 1977இன் ‘ஹெவி வெதர்’ ஆல்பத்தில் ஜாக்கோ பஸ்டோரியஸ், வீணையில் இருப்பது போன்ற ஃபிரெட் தடுப்புகள் இல்லாத பேஸ் கிட்டார் வாசிக்கிறார். வீணைக்கும் சித்ரவீணைக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தவருக்கு அந்தச் சறுக்கல்களின் சுகம் உடனே புரியும்.

குரல் இல்லாமல் நெடுநேரம் கேட்க முடியவில்லை என்றால் 1956இன் ‘எல்லா அண்ட் லூயி’யை இடையிடையே வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஃபிட்ஸ்ஜெரல்டும் ஆம்ஸ்ட்ராங்கும் பாட, பின்னால் அதே ரே பிரவுன்.

பால் சேம்பர்ஸ் வாசித்த இன்னொரு ஆல்பத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். ஆலிவர் நெல்சனின் ‘த ப்ளூஸ் அண்ட் த அப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்’, 1961. அதன் முதல் பாடலான ‘ஸ்டோலன் மொமென்ட்ஸ்’ மெட்டுக்குப் பதினாறு பாரும் தனி வாசிப்புகளுக்குப் பன்னிரண்டு பாரும் கொண்டது. சுற்றின் நீளம் மாறுவதைக் கண்டுபிடிப்பதே ஒரு நல்ல பயிற்சி. அதில் டிரம்ஸ் வாசிப்பவர் ராய் ஹெய்ன்ஸ். அவருடைய பேரன் மார்கஸ் கில்மோர், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரின் மூவர் குழுவில் டிரம்ஸ் வாசித்திருக்கிறார். 2009இல் வந்த அவர்களுடைய ‘ஹிஸ்டாரிசிட்டி’ ஆல்பத்தில் பேஸ் ஸ்டீஃபன் கிரம்ப். ‘ஸ்டோலன் மொமென்ட்ஸ்’ கேட்ட அதே இரவில் இதையும் போட்டு, கிரம்ப் எங்கே நடக்கிறார், எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.